விதி போட்டவர் உள்ளே, அடி வாங்குபவர் கவுண்டரில்: கடை உரிமையாளர்களுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கடை உரிமையாளர்களுக்கும் ஊர்தோறும் உள்ள வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஜவுளிக்கடை, மருந்துக்கடை, மளிகை, பெட்ரோல் பங்க், பரோட்டாக் கடை என்று பல இடங்களில் பில் போட்டும் சரக்கு எடுத்துக் கொடுத்தும் பிழைப்பவர்கள் நாங்கள். கடை ஊழியர்மேல் கை வைப்பது, வாய்க்கு வந்தபடி ஏசுவது, பெண் ஊழியர்களிடம் அத்துமீறுவது ஆகியவற்றைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

காலம் கெட்டுப் போச்சு, குடி கூடிப் போச்சு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கடைத் தகராறுகள் எங்கே தொடங்குகின்றன என்று கவனித்தால் அவை பெரும்பாலும் ஐந்தாறு இடங்களுக்குள் அடங்கிவிடும். வாங்கிய பொருளை மாற்றிக் கேட்கும்போது. பணம் வந்ததா வரவில்லையா என்ற குழப்பத்தில். தரக்கூடாத பொருளைக் கேட்கும்போது. பழைய கடனைக் கேட்டால். திருடுபவரைப் பிடிக்கப் போனால். கடைசியாக, ஷட்டர் இறக்கும் நேரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு விதி இருக்கிறது. அதைப் போட்டவர் நீங்கள், இல்லையென்றால் அரசாங்கம். வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லும் வேலை மட்டும் மாதம் பதினைந்தாயிரம் சம்பளக்காரரிடம் விடப்பட்டிருக்கிறது. ரவுடியை ஒழிக்க உங்களால் முடியாமல் போகலாம். விதியை மாற்றவும், அதைச் சொல்லும் பொறுப்பை இடம் மாற்றவும் உங்களால் முடியும். இந்த மடல் அதைக் குறித்துத்தான்.

முதலில் மாற்றிக் கொடுக்கும் விவகாரம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகை இன்னும் பாதிக் கடைகளில் தொங்குகிறது. பில்லின் அடியிலும் அச்சடித்திருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. ஆக, சட்டத்தில் நிற்காத ஒரு வாசகத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அதைக் காப்பாற்றும்படி ஒரு பெண்ணை அதன் கீழே நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரே துவையலில் சாயம் போன சேலையோடு வருபவரின் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் போய் விழும் இடம்தான் தவறு.

அடுத்து நடப்பது இன்னும் மோசம். ஊழியர் "முடியாதும்மா" என்கிறார். வந்தவர் கத்துகிறார். கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் ஊழியரைத் திட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு சேலையை மாற்றிக் கொடுக்கிறார். அங்கே நின்ற இருபது பேரும் ஒரு பாடம் படித்துவிட்டுப் போகிறார்கள்: இந்தக் கடையில் கத்தினால் காரியம் நடக்கும். அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் கத்துவார். அதற்கடுத்தவர் கையை ஓங்குவார். நீங்கள் விட்டுக்கொடுத்ததில் எங்களுக்கு வருத்தமே இல்லை. கத்திய பிறகு விட்டுக்கொடுத்ததும், விட்டுக்கொடுக்கும் அதிகாரத்தை எங்களுக்குத் தராமல் வைத்திருந்ததும்தான் பிரச்சினை.

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. எத்தனை நாள், எந்த நிலையில் இருந்தால், பணமா வேறு பொருளா என்பதை நாலு வரியில் பில்லில் தமிழில் அச்சிடுங்கள். ஜாக்கெட் துணி, உள்ளாடை போன்றவற்றை மாற்ற இயலாது என்றால் அதை வெட்டுவதற்கு முன், அளவைச் சொல்லும்போதே சொல்லச் சொல்லுங்கள். ஒரு தொகை வரை, 500 ரூபாயோ 1,000 ரூபாயோ, யாரையும் கேட்காமல் மாற்றிக் கொடுக்கும் உரிமையைத் தளப் பொறுப்பாளருக்குக் கொடுங்கள். மாற்றும் மேசையை பில் வரிசையிலிருந்து விலக்கிப் போடுங்கள். வரிசையில் நிற்பவர்களின் எரிச்சலும் சேர்ந்துகொண்டால் சின்னப் பேச்சு கூடப் பெரிதாகிவிடும். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு அந்த மேசையில் இரண்டு பேர் தேவை. அந்த வாரத்தில்தான் ஆட்களுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு ஒரே ஒரு புதுப்பையனை அங்கே உட்கார வைக்கிறீர்கள்.

பணத் தகராறு இப்போது பெரும்பாலும் யூபிஐ தகராறுதான். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடையின் ஒலிப்பெட்டி பேசவில்லை. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், போலித் திரைப்பிடிப்பாகவும் இருக்கலாம். கவுண்டரில் இருப்பவருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் வணிகர் செயலி உங்கள் கைப்பேசியில் இருக்கிறது, நீங்கள் ஊரில் இல்லை. கடைக்கென்று ஒரு கைப்பேசியில் அந்தச் செயலியைப் போட்டு, வரவை மட்டும் பார்க்கும் அனுமதியோடு கவுண்டரில் வையுங்கள். வந்தவரின் கைப்பேசியை வாங்கிப் பார்க்கக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாக்குங்கள். "என் போனைப் பிடுங்கினான்" என்பதில் தொடங்கிய அடிதடிகள் நிறைய. திரையைக் காட்டச் சொல்லி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். கடைக்கு வராமல் நின்ற பணம் 5 நாளுக்குள் அவர் கணக்குக்கே திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே விதி வைத்துவிட்டது. இதை ஒரு அட்டையில் அச்சடித்துக் கவுண்டரில் ஒட்டினால், ஊழியரின் சொந்தப் பிடிவாதமாகத் தெரியாது. 200 ரூபாய்க்குள் என்றால் நோட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பாருங்கள், எவ்வளவு கொஞ்சம் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலையில் கடை திறந்ததும் கியூஆர் அட்டைமேல் வேறு எவனாவது தன் அட்டையை ஒட்டியிருக்கிறானா என்று பார்ப்பதையும் பழக்கமாக்குங்கள்.

பத்து ரூபாய் நாணயம் ஒரு தனிக் கூத்து. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தும், "வாங்காதே" என்று சொல்லும் முதலாளிகள் இன்னும் உண்டு. வங்கியில் கட்டப் போனால் எண்ணுவது சிரமம் என்பது உங்கள் சங்கடம். அதற்காக மரியாதையாக நாணயம் நீட்டியவரோடு நாங்கள் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. பைக்குத் தனிக் காசு வாங்குவதும், குளிர்பானத்துக்கு "கூலிங்" என்று எம்ஆர்பிக்கு மேல் இரண்டு ரூபாய் கேட்பதும் இதே வகைதான். இரண்டு ரூபாய் லாபம் உங்களுக்கு, அதற்கான ஏச்சு எங்களுக்கு.

மருந்துக்கடை விஷயம் இவற்றைவிட ஆபத்தானது. இரவு ஒன்பதுக்கு மேல் நாலைந்து இளைஞர்கள் வந்து, சீட்டு இல்லாமல் வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அட்டை அட்டையாகக் கேட்பது எல்லா மாவட்டத்திலும் தெரிந்த கதை. ட்ராமடால், நைட்ரஸிபாம் போன்றவை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய எச்1 பட்டியலில் உள்ளவை. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறி, 3 ஆண்டு பாதுகாக்கப்பட வேண்டும். மறுத்தால் கண்ணாடி உடைகிறது, சில நேரம் மண்டையும். இங்கே நாங்கள் கண்ட முதல் காரணம், அதே தெருவில் இன்னொரு கடை சீட்டு இல்லாமல் கொடுப்பது. "அங்க தர்றான், நீ மட்டும் என்ன?" என்ற கேள்விக்குக் கவுண்டரில் பதிலே கிடையாது. ஒரு கடை மட்டும் ஒழுங்காக இருந்தால் அந்தக் கடைக்கு அடி விழும். எனவே இதைத் தெரு முழுவதும் சேர்ந்துதான் செய்ய முடியும், சங்கம்தான் முன்னின்று செய்ய முடியும். விற்கும் கடை எது என்று சங்கத்துக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதை விட்டுவிட்டு, முதலில் கூப்பிட்டுப் பேசுங்கள், கேட்காவிட்டால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.

கடைக்குள் செய்யக்கூடியதும் உண்டு. அந்த மருந்துகள் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் அலமாரியில் இருக்கக் கூடாது. "ஸ்டாக் இல்ல" என்று பொய் சொல்லும்போது அட்டை அங்கே தெரிந்தால் அந்த ஒரு நொடியில்தான் கை நீளும். பூட்டிய உள் இழுப்பறையில் வையுங்கள். எல்லா ஊழியரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லட்டும்: "சீட்டு இருந்தா தர்றோம், இல்லைன்னா பில் மெஷினே எடுக்காது." நீண்ட விளக்கமும் அறிவுரையும் வேண்டாம். "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்குத் தம்பி" என்று ஆரம்பித்தால் தம்பிக்குக் கோபம் வரும். இரவுப் பணியில் ஒருவரைத் தனியாக நிறுத்தாதீர்கள். ஆள் போட முடியாதென்றால் பத்து மணிக்கு மேல் கதவைப் பூட்டிவிட்டுச் சிறு ஜன்னல் வழியாக மட்டும் விற்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது.

பெட்ரோல் பங்கில் அளவுத் தகராறு வரும்போது முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையைக் கொண்டுவந்து அளந்து காட்டினால் பாதிச் சண்டை அடங்கும். அந்தக் குவளை மேலாளர் அறையில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. பாட்டிலில் பெட்ரோல் கேட்டு வருபவரை மறுக்கும் பொறுப்பும் தனி ஒருவர்மேல் விழக் கூடாது. ஒலிபெருக்கியில் மேலாளரே சொல்லட்டும்.

இப்போது திருட்டுக்கு வருவோம். இதில் உங்களோடு நேரடியாகவே மோத வேண்டியிருக்கிறது. பொருள் காணாமல் போனால் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள். பெட்ரோல் போட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் வண்டியை முறுக்கிக்கொண்டு போனவனின் தொகையைப் போட்டுக்கொடுத்த பையன் தலையில் கட்டுகிறீர்கள். பரோட்டாக் கடையில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டுப் போகும் வட்டாரப் புள்ளியின் கணக்கு சப்ளையர் சம்பளத்தில் கழிகிறது. அப்புறம், "எதுக்குடா துரத்திக்கிட்டுப் போனே?" என்று ஆஸ்பத்திரியில் வந்து கேட்கிறீர்கள். எதற்குப் போவான்? ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சட்டை போனால் அவனுக்கு இரண்டு நாள் கூலி போகும், அதனால் போகிறான். துரத்திய இடத்தில் திருடன் ஒருவனா மூவரா, கையில் பிளேடு இருக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்? பிடித்தம் செய்யும் கடையில் "யாரும் துரத்தாதீர்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த விதி வேலை செய்யாது. ஊதியச் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. ஒருவரிடம் குறிப்பாக ஒப்படைத்த பொருள், அவருடைய நேரடியான கவனக்குறைவால் போயிருந்தால், அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம். தளம் முழுவதுக்கும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவது எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே முதல் வேண்டுகோள்: பிடித்தத்தை நிறுத்துங்கள். அதன் பிறகு விதி சொல்லுங்கள். வாசலைத் தாண்டியவரைத் தொடரக் கூடாது. பையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கத்தியோ அரிவாளோ காட்டினால் கல்லாவைத் திறந்துவிட்டுக் கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். வண்டி நம்பரையும் போன திசையையும் பார்த்துக்கொண்டால் போதும். கல்லாவில் ஒரு நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள். மிஞ்சியதை மேலே துளையுள்ள, தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் அவ்வப்போது போடச் சொல்லி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். "பெட்டிச் சாவி கடையில் இல்லை" என்று எழுதி ஒட்டுவதும் நல்லது. வங்கிக்குப் பணம் போகும் நேரமும் வழியும் நாளுக்கு நாள் மாறட்டும். வசூல் பணத்தை ராத்திரி ஊழியர் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காலையில் கட்டச் சொல்லும் வழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும்.

மூடும் நேரத்துக்கு வந்தால், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே கணக்குப் பார்ப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசித்தாலும் கிடைக்காது. குனிந்து உள்ளே வருபவனை யாரும் தடுக்க முடியாது. வந்த பிறகு உள்ளே நடப்பது தெருவில் ஒருவர் கண்ணுக்கும் படாது. வெளியேற ஒரே வழி, அதுவும் இடுப்பளவு. ஒன்று, விளக்கெல்லாம் எரிய, ஷட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இல்லை, முழுவதும் இறங்கி உள்ளே தாழ் போட்டிருக்க வேண்டும். நடுவில் எதுவும் வேண்டாம். கடைசி வாடிக்கையாளர் போனதும் மூடிவிட்டுப் பின்னறையில் எண்ணுங்கள். கிளம்பும்போது இரண்டு பேராவது சேர்ந்து கிளம்ப வேண்டும். வெளியூரிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து கடை மாடியிலேயே தங்கும் பையன்களை, தமிழ் சரியாக வராதவர்களை, ராத்திரி கவுண்டரில் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். வம்புக்கு வருபவன் முதலில் தேடுவது பதில் பேசத் தெரியாத ஆளைத்தான்.

கவுண்டரைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். சாதாரணமாக ஒன்றரை அடி அகலம், மேலே கண்ணாடி, உள்ளே போக ஒரு பக்கம் திறந்த இடைவெளி. ஒன்றரை அடி என்றால் எதிரில் நிற்பவர் சட்டைக் காலரைப் பிடிக்கும் தூரம். இரண்டரையிலிருந்து மூன்றடியாக்கினால் கை எட்டாது, எட்டிப் பிடிக்க உடம்பைச் சாய்க்க வேண்டும், அதற்குள் பின்வாங்கிவிடலாம். மாற்றும் செலவு அதிகம் என்றால் இருக்கும் கவுண்டருக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரு அடி அகலச் சரக்குத் தட்டு வையுங்கள், அதுவே தூரத்தைக் கொடுத்துவிடும். திறந்த பக்கத்தில் இடுப்பளவு அரைக்கதவு, தாழ்ப்பாள் உள்பக்கம். ஊழியர் பின்னால் போய்த் தப்ப ஒரு கதவு, அதன் முன்னே அட்டைப் பெட்டி அடுக்காமல். கண்ணாடிமேல் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினால் உடைந்தாலும் சிதறாது. பிறகு கை எட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கிறதென்று வாடிக்கையாளர் பக்கம் நின்று எண்ணிப் பாருங்கள்: தராசின் இரும்புப் படிக்கல், பார்சல் வெட்டும் கத்தரி, தேங்காய் உடைக்கும் அரிவாள், சோடா பாட்டில், டீ பாய்லர். அத்தனையும் ஆயுதம்தான். எடுத்து உள்ளே வையுங்கள். வாசல் கண்ணாடியில் மூன்றடியிலிருந்து ஆறடி வரையுள்ள தள்ளுபடிச் சுவரொட்டிகளையும் கிழித்துவிடுங்கள். தெருவில் போகிறவர் உள்ளே பார்க்க முடிகிற கடையில் கை ஓங்குவதற்கு யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

சிசிடிவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பன்னிரண்டடி உயரத்தில், வழுக்கைத் தலைகளை அழகாகப் படம் பிடித்துக்கொண்டு. வாசலைப் பார்த்து ஏழு எட்டு அடி உயரத்தில் ஒரு கேமரா இருந்தால்தான் முகம் விழும். சேமிப்புக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமரா நான்கு, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்குச் சுமார் 85 ஜிபி. 1 டிபி வட்டு பன்னிரண்டு நாளில் நிரம்பிப் பழையது அழிந்துவிடும். காயத்துக்குக் கட்டுப் போட்டு, பயம் தெளிந்து, புகார் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும்போது காட்சி இருக்காது. 3 டிபியாவது போடுங்கள். காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டியின் கடிகாரம் இருபது நிமிடம் பின்னால் ஓடினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபம், மாதம் ஒருமுறை சரிசெய்யுங்கள். சம்பவம் நடந்த அன்றே அந்தக் காட்சியைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் ஏற பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் முதல் பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பொறுப்பானவர் நீங்கள்தான். "நமக்கு எதுக்கு கோர்ட்டு வேலை" என்று ஒதுங்கினால் அந்தக் கேமரா எங்களைக் கண்காணிக்க மட்டுமே மாட்டியது என்று ஆகிவிடும்.

பெண் ஊழியர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைச் சக ஊழியர் தவறு செய்தால் மட்டும் பொருந்துவதாகப் பலர் நினைக்கிறீர்கள். அதன் 19ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்து போகும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது உரிமையாளர் கடமை என்கிறது. வாடிக்கையாளரும் அந்த வெளியாரில் சேர்த்திதான். அந்தப் பெண் விரும்பினால் காவல்துறையில் புகார் கொடுக்க உதவுவதும் உங்கள் கடமை. பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்தால் புகாரை விசாரிக்க உள் குழு வேண்டும், குறைவாக இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.

இப்போது பெருகியிருக்கும் தொல்லை வாட்ஸ்அப். சேலைப் படமும் வீடியோ அழைப்பும் பெண் ஊழியரின் சொந்த எண்ணிலிருந்தே போகிறது. சேலை வாங்கியவர் கணவர் ராத்திரி பதினொரு மணிக்கு "சாப்பிட்டாச்சா" என்று அனுப்புகிறார். தடுத்தால் "கடையில மரியாதை இல்லை" என்று உங்களிடமே வந்து சொல்கிறார். கடைக்கு ஒரு கைப்பேசி, ஒரு சிம், மூடும்போது அது கடையிலேயே பூட்டப்பட வேண்டும். இதற்கு ஆகும் பணம் ஒரு பட்டுச்சேலையின் விலைகூட இல்லை. 24 மணி நேரமும் கடை திறக்க 2019இல் வந்து பிறகு நீட்டிக்கப்பட்ட அரசாணையைக் கொண்டாடினீர்கள். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பாதுகாப்பும் போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும் என்பதும் அதே அரசாணையில்தான் இருக்கிறது.

எத்தனை செய்தாலும் ஒரு நாள் அடி விழலாம். அப்போது என்ன செய்வதென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதலில் 112 அல்லது 100, அதோடு அரசு மருத்துவமனை. தனியார் மருத்துவமனையில் தையல் போட்டுவிட்டு வந்தால் பிறகு காயத்தை நிரூபிக்க அலைய வேண்டும். அரசு மருத்துவமனையில் யார், எதனால், எங்கே அடித்தார் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி பின்னால் வழக்கையே கவிழ்த்துவிடும்.

புகாரை எழுதும் விதமும் முக்கியம். "தகராறு செய்து தாக்கினார்" என்று மட்டும் எழுதினால் அது சாதாரணக் காயம், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2). அந்தப் பிரிவில் காவலர் தாமாக எஃப்ஐஆர் போட முடியாது, புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு நின்றுவிடும். "இரண்டு கிலோ இரும்புப் படிக்கல்லை எடுத்து இடது காதுக்கு மேல் அடித்தார், ரத்தம் வந்தது" என்று எழுதினால், ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தும் குற்றமான 118(1) வருகிறதா என்று பார்ப்பார்கள். கொதிக்கும் டீயையோ எண்ணெயையோ ஊற்றுவதும் அதே பிரிவில்தான் வரும். கொன்றுவிடுவேன் என்றால் அந்த வார்த்தைகளை அப்படியே எழுத வேண்டும், அது 351. பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தால் 74, அசிங்கமான சைகையும் பேச்சும் 79. மாமூல் கேட்டு மிரட்டினால் 308. நேரம், பில் எண், கேமரா எண், பார்த்தவர்கள் எல்லாம் புகாரில் இருக்கட்டும். எஃப்ஐஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது.

நிலையத்துக்குக் கடை சார்பில் ஒருவர் கூடவே போக வேண்டும். அடி வாங்கியவர் தனியாகப் போய் நின்றால் அரை மணியில் சமரசம் எழுதி வாங்கிவிடுவார்கள். பல நேரம் அந்தச் சமரசத்துக்கு முதல் குரல் கொடுப்பதே முதலாளிதான், "ஏரியாவுல நாளைக்கும் வியாபாரம் பண்ணணும்ல" என்று. உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் அதே ஏரியாவில் இரவு ஒன்பதரைக்குத் தனியாகச் சைக்கிளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர். மருத்துவ விடுப்பு நாளுக்குச் சம்பளம் கொடுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் விபத்து அறிக்கையை உடனே அனுப்புங்கள், வேலையில் பட்ட காயத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். அறிக்கை அனுப்பாமல் "சாதாரண லீவு" என்று போட்டால் அது கிடைக்காது. நீதிமன்ற வாய்தா நாளும் வேலை நாள்தான். வேலை இடத்தை மாற்றுவது அவர் கேட்டால் மட்டும். தண்டனை மாதிரி குடோனுக்கு அனுப்பாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். எங்கள்மேல் விழும் கையில் சில கைகள் உள்ளிருந்தே வருகின்றன. விற்பனை குறைந்தால் பையனின் கன்னத்தில் அறையும் தளக் கண்காணிப்பாளர், வாடிக்கையாளர் முன்னாலேயே "எருமை" என்று கூப்பிடும் மேலாளர், உட்கார்ந்ததற்காக ஏசுகிறவர். உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. முதலாளி அறைவதைப் பார்த்த வாடிக்கையாளர் தானும் அறையலாம் என்று நினைப்பதில் என்ன அதிசயம்? வாடிக்கையாளரைத் தெய்வமாக்கும் வாசகத்தைக் காந்தி பெயர் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அதன் பக்கத்தில், "எங்கள் ஊழியரை ஏசினாலோ தொட்டாலோ விற்பனை நிறுத்தப்படும், காவல்துறைக்குத் தெரிவிக்கப்படும்" என்று அதே அளவு எழுத்தில் ஒரு பலகை மாட்டுங்கள். மாட்டியபின் ஒரு தடவையாவது அதன்படி நடந்துகாட்டுங்கள்.

சங்கங்களுக்கு. மே 5 வணிகர் தினத்தில் ரவுடித் தொல்லைக்கு எதிராகத் தீர்மானம் போடுகிறீர்கள். வணிகர் என்ற சொல்லோடு "கடை ஊழியர்" என்பதையும் அதில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மருத்துவமனை ஊழியர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008இலேயே தனிச் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் கடை ஊழியரைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. வயது பார்த்து விற்க வேண்டிய பொருளுக்கு மறுப்பு சொல்லும்போது தாக்கப்பட்டால் அது குற்றத்தின் கடுமையைக் கூட்டும் என்றும் அதில் உண்டு. நம் மருந்துக்கடைக்கும் மதுக்கடைக்கும் அது அப்படியே பொருந்தும்: அரசு போட்ட விதியை அரசுக்காக நிறைவேற்றும்போது அடி விழுந்தால், அதைச் சாதாரணச் சண்டையாக எழுதக் கூடாது. இதைத் தொழிலாளர் நலத் துறையிடமும் உள்துறையிடமும் சங்கத்தின் பெயரில் கேளுங்கள்.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் உரிமையாளர்களோடு கவுண்டரில் இருப்பவர்களும். இரவுப் பணியில் இருக்கும் கடைகளின் பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை உங்கள் கடைத்தெருவிலும் வைக்கும்படி கேட்பது. ஒரு கடையில் கலாட்டா என்றால் பக்கத்துக் கடைகளிலிருந்து நாலு பேர் வந்து வாசலில் சும்மா நிற்பது, கை வைக்காமல். ஒரு கடையில் ஊழியரை அடித்தவருக்கு, மன்னிப்பும் மருத்துவச் செலவும் தீரும்வரை தெருவில் எந்தக் கடையும் விற்பதில்லை என்று முடிவெடுப்பது. பல ஊர்களில் கடன் பாக்கிக்காரர்கள் விஷயத்தில் நீங்கள் இப்படி ஒற்றுமையாக நடந்துகொள்கிறீர்கள், அதனால் இது முடியாத காரியம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த மடலைப் படித்து, பிடித்தம், ஷட்டர், கடைக் கைப்பேசி இந்த மூன்றிலாவது முடிவெடுத்து, முடிவை எழுத்தில் உங்கள் கடை ஊழியர்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கடைகளில் வேலை செய்யும் நாங்கள்